போய்த் திரும்பும் பொத்தான்கள்: 1,250 ரூபாய் கால்குலேட்டர், ஆறு மாதத்துக்குப் பிறகு

என் அக்கா மகள் பாலிடெக்னிக்கில் சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நில அளவைப் பாடம் தொடங்கியதும் அவளுக்காக ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கினேன். திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், நோட்டுப் புத்தகங்களோடு வரைபடக் கருவிகளும் விற்கும் ஒரு சின்னக் கடை. 1,250 ரூபாய். கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, சூரியத் தகட்டை விரலால் மூடிப் பேட்டரியிலும் ஓடுகிறதா என்று காட்டிய பிறகுதான் பணம் வாங்கினார். அந்தப் பொறுமைக்காகவே அடுத்த கருவியையும் அங்கேதான் வாங்குவேன்.

கம்பெனி பெயர் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த விலையை ஒட்டிக் கிடைக்கும் பெரும்பாலான கால்குலேட்டர்களில் இதே பொத்தான்கள்தான் இருக்கின்றன. அவை கணக்குப் போடும் விதமும் ஒன்றே. நான் எழுதப்போவது பிளாஸ்டிக்கின் பளபளப்பைப் பற்றியும் அல்ல. அதை ஒரு வரியில் முடித்துவிடலாம்: இழுத்து மூடும் உறை இறுக்கமாக இருக்கிறது, நடு வெயிலிலும் எண்கள் தெரிகின்றன, இரண்டு முறை வரப்பில் விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. 22 ஆண்டுகளாகத் தனியாக நில அளவை வேலை செய்பவன் நான். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இந்தக் கருவி போன வழியே திரும்பி வருமா?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கல்லிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் தூரமும் திசையும் எடுத்துக்கொண்டு போய், கடைசியில் அதே கல்லுக்கு வந்து சேர வேண்டும். கணக்கில் வந்த இடமும் கல் இருக்கும் இடமும் எவ்வளவு விலகுகின்றன என்பதே மூடல் பிழை. மூடிப் பார்க்காத அளவையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. கால்குலேட்டரையும் அப்படித்தான் சோதித்தேன். ஒரு பொத்தானை அழுத்து, வந்த விடையை அதன் எதிர்ப் பொத்தானுக்குக் கொடு, புறப்பட்ட எண் கிடைக்கிறதா பார்.

இந்தக் கருவியின் அமைப்பே அதற்கு வாகாக இருக்கிறது. பொத்தானின் மேல் வெள்ளை எழுத்தில் ஒரு சார்பு, அதாவது ஒரு எண்ணைக் கொடுத்தால் ஒரே ஒரு விடை தரும் விதி. அதே பொத்தானுக்கு மேலே மஞ்சள் எழுத்தில், ஷிஃப்ட் அழுத்தினால் வருவது, பல இடங்களில் அதன் நேர்மாறு, விடையிலிருந்து புறப்பட்ட எண்ணுக்குத் திரும்பும் வழி. லாக் பொத்தானுக்கு மேலே பத்தின் அடுக்கு. சைனுக்கு மேலே சைன் நேர்மாறு. 250க்கு லாக் எடுத்தால் 2.397940009. அதைப் பத்தின் அடுக்காக ஏற்றினால் 250. −8க்கு மூன்றாம் படிமூலம் −2, அதன் மூன்றாம் படி −8. கல்லுக்குக் கல் வந்து சேர்ந்துவிட்டது.

−3 போட்டு வர்க்கம் எடுத்தேன், 9. வர்க்கமூலம் எடுத்தேன், 3. புறப்பட்ட கல் வேறு, வந்து சேர்ந்த கல் வேறு.

“கால்குலேட்டர் தப்பு செய்கிறதா மாமா?” என்று கேட்டாள் அக்கா மகள். தப்பே இல்லை. −3, 3 இரண்டும் 9க்குத்தான் போகின்றன. 9இல் நின்று திரும்பிப் பார்த்தால் இரண்டு வழிகள் தெரிகின்றன. சார்பு என்றால் ஒரு வழிதான் காட்ட வேண்டும், ஆகவே கருவி எதிர்மமல்லாத வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

பத்தாம் வகுப்பிலேயே இதையெல்லாம் படித்தவள்தான். மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம், ஒன்றுக்கு ஒன்று, மேல் சார்பு என்று வரிசையாகச் சொல்வாள். இரண்டு முட்டை வடிவம் வரைந்து அம்புக்குறியும் போடுவாள். ஆனால் அந்த அம்புகள் எதைப் பற்றியவை என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. அதனால் எங்கள் மேஜைமேல் இருந்த கணக்குகளையே எடுத்தேன்.

ஒரு வருவாய்க் கிராமத்தை எடுத்துக்கொள். ஒவ்வொரு உட்பிரிவு எண்ணுக்கும் ஒரு பட்டா எண் இருக்கிறது. இது சார்பு. ஆனால் பட்டா எண்ணைச் சொல்லி உட்பிரிவு எண் எது என்று கேட்டால் ஒரே பதில் வராது, ஏனென்றால் ஒரே பட்டாவில் நான்கைந்து சர்வே எண்கள் இருக்கலாம். பலவற்றிற்கு ஒன்று, எனவே நேர்மாறு கிடையாது. உட்பிரிவு எண்ணிலிருந்து உரிமையாளர் பெயருக்கு அம்பு போட்டால் அது சார்பாகக்கூட இருக்காது. கூட்டுப் பட்டாவில் ஒரு நிலத்துக்கு மூன்று பெயர்கள் இருந்தால் ஒரு புள்ளியிலிருந்து மூன்று அம்புகள் கிளம்புகின்றன. கிராமத்தின் பெயரைச் சொல்லாமல் சர்வே எண் 112 என்று மட்டும் ஒருவர் சொன்னால், அது எந்த 112? மதிப்பகம் எது, அதாவது எந்த எண்களை உள்ளே கொடுக்கலாம் என்று சொல்லாத சார்பும் அப்படிப்பட்டதுதான். அன்று மாலையே தன் பத்தாம் வகுப்பு நோட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டாள்.

இனி, இந்த மதிப்புரையை எழுத வைத்த சம்பவம்.

ஊருக்கு வெளியே தெரிந்தவர் ஒருவருக்கு முக்கோண வடிவில் ஒரு புஞ்சை. பழகிக்கொள்ளட்டும் என்று கோணம் அளக்கும் என் பழைய தியோடலைட்டையும் நாடாவையும் கொடுத்து அவளையே அளக்கச் சொன்னேன். முதல் கல்லுக்கும் இரண்டாம் கல்லுக்கும் இடையே 70 மீட்டர். இரண்டாம் கல்லிலிருந்து மூன்றாம் கல்லுக்கு 50 மீட்டர். மூன்றாம் கல்லிலிருந்து முதல் கல்லுக்கு வரும் வேலி முழுக்கச் சீமைக்கருவேலம். நாடா பிடிக்க இடமில்லை. ஆனால் மூன்றாம் கல்லில் நட்ட கம்பத்தின் உச்சி முள்ளுக்கு மேலே தெரிந்தது. ஆகவே முதல் கல்லில் கருவியை வைத்துக் கோணம் மட்டும் எடுத்தாள்: 38 டிகிரி 12 நிமிடம் 40 விநாடி.

வீட்டுக்கு வந்து சைன் விதியைப் போட்டாள். 70ஐக் கோணத்தின் சைனால் பெருக்கி 50ஆல் வகுத்தால் 0.866. ஷிஃப்ட், சைன். மூன்றாம் கல்லில் கோணம் ஏறத்தாழ 60 டிகிரி என்று வந்தது. அதை வைத்து மூன்றாவது பக்கத்தைக் கணக்கிட்டால் 80 மீட்டர். பரப்பு 1,732 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 42.8 சென்ட். கூட்டல், பெருக்கல் எதிலும் பிழையில்லை. அழகாகப் படமும் வரைந்துவிட்டாள்.

படத்தைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. அந்த நிலத்தில் நான் நின்றிருக்கிறேன். மூன்றாம் கல் மூலை அகலமாக விரிந்து கிடக்கும். அது 60 டிகிரி மூலையாக இருக்க முடியாது.

மறுநாள் காலை ஆளை வைத்து முள்ளை வெட்டி நாடா பிடித்தோம். மூன்றாவது பக்கம் 30 மீட்டர். பரப்பு 649.5 சதுர மீட்டர், அதாவது 16 சென்ட்டுக்குச் சற்று மேல். 42.8 எங்கே, 16 எங்கே!

அவள் முகம் வாடிவிட்டது. அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அவள் வரைந்த முக்கோணமும் உண்மையான முக்கோணம்தான். அதே 70, அதே 50, அதே கோணம் கொண்டு இரண்டு முக்கோணங்கள் வரைய முடியும். ஒன்றில் மூன்றாம் பக்கம் 30, மற்றொன்றில் 80. முதலாவதில் மூன்றாம் கல்லில் 120 டிகிரி, இரண்டாவதில் 60. இரண்டுக்கும் சைன் ஒன்றே. சைனிலிருந்து கோணத்துக்குத் திரும்பும் வழி அங்கே இரண்டாகப் பிரிகிறது. கால்குலேட்டர் எப்போதும் −90 முதல் 90 வரையுள்ள கோணத்தையே தரும். விரிகோணத்தை அது ஒருநாளும் சொல்லாது.

அன்றிரவு டேபிள் வசதியைத் திறந்தோம். இந்தக் கால்குலேட்டரில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. சார்பை உள்ளிட்டு, தொடக்கம் 0, முடிவு 180, படி 30 என்று கொடுத்தால் ஏழு வரிசைகள் வருகின்றன. சைனுக்கு: 0, 0.5, 0.866, 1, 0.866, 0.5, 0. ஏறுகிறது, உச்சியைத் தொடுகிறது, அதே எண்கள் வழியே இறங்குகிறது. காஸுக்கு: 1, 0.866, 0.5, 0, −0.5, −0.866, −1. இறக்கம் மட்டுமே, ஒரு எண்கூட இரண்டாம் முறை வரவில்லை. அவள் இரண்டையும் நோட்டில் எழுதி, சைன் வரிசையில் இரட்டையாக வந்த எண்களைச் சுற்றி வட்டமிட்டாள். காஸ் வரிசையில் வட்டமிட ஒன்றுமில்லை. படுக்கையாக ஒரு கோடு போட்டு, அது வரைபடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வெட்டுகிறதா என்று பார்க்கும் கிடைமட்டக்கோட்டுச் சோதனை என்று பாடத்தில் வருவது இதுதான் என்று அவளே சொன்னாள்.

முக்கோணத்தின் கோணம் எதுவானாலும் 0க்கும் 180க்கும் இடையில்தான் இருக்கும். அந்த எல்லைக்குள் காஸ் ஒன்றுக்கு ஒன்று, சைன் அப்படியல்ல. எனவே மூன்று பக்கங்களும் கையில் இருந்தால் காஸ் விதிக்கே போக வேண்டும். 30இன் வர்க்கம், 50இன் வர்க்கம் இரண்டையும் கூட்டி, 70இன் வர்க்கத்தைக் கழித்து, 3,000ஆல் வகுத்தால் −0.5. ஷிஃப்ட், காஸ். திரையில் 120. அந்தக் கழித்தல் குறியே மூலை விரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

திரையில் மேத் எரர் என்று வந்தால் மாணவர்கள் பயந்துபோய் அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம், நின்று பாருங்கள். இதே நிலத்தில் 50க்குப் பதிலாக 40 என்று எழுதியிருந்தால் வகுத்து வரும் எண் 1.08ஐத் தொடும். சைன் நேர்மாறு கேட்டால் மேத் எரர். சைனின் வீச்சகம், அதாவது அது தரக்கூடிய விடைகள், −1 முதல் 1 வரைதான், 1.08க்கு எந்தக் கோணத்திலிருந்தும் அம்பு வரவில்லை. வராத இடத்திலிருந்து எங்கே திரும்புவது? அப்படி ஒரு முக்கோணமே இல்லை, நாடாவைத் தப்பாகப் படித்துவிட்டாய் என்று கருவி சொல்கிறது. என் முதல் ஐந்து ஆண்டுகளில் இந்த மேத் எரர் என்னை இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறது.

அடுத்து டேன். திசைக் கணக்குக்கு நாங்கள் நாள் முழுக்க அழுத்தும் பொத்தான் இது. ஒரு புள்ளியிலிருந்து தெற்கே 40 மீட்டர், மேற்கே 30 மீட்டர் தள்ளி அடுத்த கல் இருக்கிறது என்று வையுங்கள். வடக்கும் கிழக்கும் நேர்மம் என்பதால் இவை −40, −30. −30ஐ −40ஆல் வகுத்தால் 0.75. டேன் நேர்மாறு 36 டிகிரி 52 நிமிடம் 12 விநாடி என்று காட்டும். அது வடகிழக்குத் திசை, கல் இருப்பதோ தென்மேற்கில். 180ஐக் கூட்டினால்தான் சரியான 216 டிகிரி 52 நிமிடம் 12 விநாடி கிடைக்கும்.

இங்கே தகவல் தொலைந்தது டேன் நேர்மாறு பொத்தானில் அல்ல, அதற்கு முந்தைய வகுத்தலில். −30, −40 என்ற சோடியும் 30, 40 என்ற சோடியும் 0.75 என்ற ஒரே எண்ணில் போய் விழுந்துவிட்டன. விழுந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இந்த இடத்தில் இந்தக் கால்குலேட்டர் கூடுதல் மதிப்பெண் பெறுகிறது. போல் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வகுக்காமல் −40, −30 என்று சோடியாகவே கொடுத்தால் தூரம் 50, கோணம் −143.13 என்று இரண்டு எண்களாகத் தரும். கோணம் எதிர்மமாக வந்தால் 360ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும், 216.87. அதை அப்படியே ரெக் பொத்தானுக்குக் கொடுத்தால் −40, −30 திரும்பி வருகிறது. இரண்டு எண்கள் போய் இரண்டு எண்களாக வந்தன, குறிகள் கலையவில்லை, வழி மூடியது. டேன் நேர்மாற்றில் திசை எடுத்துவிட்டுக் வடகிழக்கா தென்மேற்கா என்ற கால்பகுதியை மனத்தில் திருத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கும் இருந்தது. கருவி வாங்கிய இந்த ஆறு மாதத்தில் அதை விட்டுவிட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, −1 என்ற குறி. எக்ஸின் தலைமேல் −1 போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. 0.5 போட்டு அதை அழுத்தினால் 2 வரும், அது தலைகீழி, 1ஐ அந்த எண்ணால் வகுத்தது. சைனின் தலைமேலும் அதே −1. 0.5க்கு அது 30 தரும், இது நேர்மாறு. ஒரே திரையில் ஒரே குறிக்கு இரண்டு பொருள். ஜான் ஹெர்ஷல் 1813இல் சைனுக்கு இந்தக் குறியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சார்பைத் திரும்பத் திரும்பச் செய்வதை அடுக்காக எழுதினால், திருப்பிப் போவது −1 என்பது அவர் கணக்கு. கருத்து அழகானதுதான். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது பள்ளம். சைன் நேர்மாறு என்றால் 1ஐச் சைனால் வகுப்பது என்று அவள் வகுப்பில் பாதிப் பேர் நினைக்கிறார்களாம். கருவி செய்பவர்கள் ஆர்க் சைன் என்று அச்சடித்தால் இந்தத் தொல்லையே இருக்காது.

இரண்டாவது, கோண அலகு. திரையின் மேலே டிகிரியைக் குறிக்கும் டி என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் அழுத்த வேண்டும். அது ரேடியன் என்ற வேறு கோண அலகைக் குறிக்கும் ஆர் என்று மாறியிருந்தால் 30க்குச் சைன் 0.5 வராது, −0.988 வரும். எழுத்து மிகச் சிறியது. எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிவதில்லை.

மூன்றாவது, நேர்மாறு எந்த எல்லைக்குள் விடை தரும் என்பது பொத்தான்களின் மேல் எங்கும் இல்லை. மடித்து மடித்துப் பெட்டிக்குள் வைத்த தாளில், ஆங்கிலத்தில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் சில எல்லைகள் மட்டும் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் அந்தத் தாளைப் பிரிப்பதே இல்லை.

முழுமையாக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது கருவியின் குறை அல்ல, பயன்படுத்துபவர் கவனிக்க வேண்டியது. சென்ட்டைச் சதுர மீட்டராக்குவது 40.4686ஆல் பெருக்குவது, திரும்ப அதே எண்ணால் வகுத்தால் பழைய சென்ட் வந்துவிடும். ஒன்றுக்கு ஒன்று, நேர்மாறு உண்டு. ஆனால் 30 சென்ட்டை 12.14 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்) என்று கண்டுபிடித்துவிட்டு 12 ஏர் என்று முழுமையாக்கி எழுதினால் அந்த 12இலிருந்து 30க்குத் திரும்ப வழியில்லை, 29.65 சென்ட்தான் வரும். 12க்கு அருகிலுள்ள எத்தனையோ பரப்புகள் அதே 12இல் விழுந்துவிட்டன. விட்டுப்போனது சுமார் 151 சதுர அடி. அதில் ஒரு அறை கட்டலாம். ஆகவே இடையில் வரும் எண்களைத் தாளில் சுருக்கி எழுதிவிட்டு மறுபடி அடிக்காதீர்கள். ஏ, பி, சி நினைவகங்களில் தசம இலக்கங்களைச் சுருக்காமல் அப்படியே சேமித்துக்கொள்ளுங்கள், தயங்காமல் நம்பலாம்.

யார் வாங்கலாம்? பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் கட்டாயம் வாங்கலாம். தேர்வுக்கு எந்த மாடலை அனுமதிக்கிறார்கள் என்று கல்லூரியில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பிளஸ் டூ படிப்பவர்கள் கணிதத் தேர்வில் இதைப் பயன்படுத்த முடியாது. ஆனால் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் பாடம் நடக்கும் வாரத்தில் வீட்டில் ஒன்று இருந்தால் முதன்மை மதிப்பு, அதாவது பல விடைகளில் நேர்மாறு தேர்ந்தெடுக்கும் ஒன்று, என்றால் என்ன என்று பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். சாதாரணக் கூட்டல் கணக்குக்கு இவ்வளவு பணம் வேண்டாம், 150 ரூபாய்க் கருவியே போதும். நான் இதற்கு ஐந்துக்கு நாலரை தருகிறேன். அந்த அரை போனது அந்த −1 குறிக்காக.

எல்லைகளின் குறையை அவளே சரிசெய்துகொண்டாள். இழுத்து மூடும் உறையின் உட்புறம் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, நீல மையில் எழுதியிருக்கிறாள்: சைன் நேர்மாறு, −90 முதல் 90. காஸ் நேர்மாறு, 0 முதல் 180. டேன் நேர்மாறு, −90க்கும் 90க்கும் நடுவில். வர்க்கமூலம், 0க்குக் கீழே வராது. அதற்குக் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி: மூன்றாம் கல்லில் மூலை விரிந்திருக்கிறதா, போய்ப் பார்.